இரண்டாவது கைதட்டல்

ரமா அக்கா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் கேமரா வாடகைக்கு விடுகிறவர். காலையில் செல்போன் அடித்தது. எடுத்தேன்.

"தம்பி, டிஜிட்டல் கேமரா உங்கிட்ட இருக்கா, ரமா வீட்ல இருக்கா?"

"எங்கிட்டதான்ணே இருக்கு. இன்னைக்கு சூட்டிங் இருக்கே."

"இனி எங்குட்டு சூட்டிங்? ரமா போயிருச்சாம்ல. பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கும்போதே விழுந்துருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்." அதே மூச்சில் கேட்டார்: "கேமராவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இந்தப் பேச்சை அவர் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார், ரசித்திருப்பார். "மனுசனுக்கு எது முக்கியம்னு எடுத்த எடுப்புலயே சொல்லிட்டாரு பாரு. இவரத்தான்டா பேட்டி எடுக்கணும்" என்றிருப்பார்.

வில்லாபுரத்தில் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். உள்ளே அக்காவின் அம்மாவும் சித்திமார்களும் சௌராஷ்டிரத்தில் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் பேசியவர்கள் சொன்னது புரிந்தது. அது புரியாமலே இருந்திருக்கலாம். தங்கமான பொண்ணு என்றார் ஒருவர். அதிர்ந்து பேசாது என்றார் இன்னொருவர். அந்த இன்னொருவர், அக்கா போட்ட சத்தத்தில், அவர் பேட்டி எடுத்துவந்த கேபிள் சேனலின் மாடிப்படியில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடியவர். நான் கண்ணால் பார்த்தேன்.

சேனல்காரர்கள் அக்காவுக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். கூடவே இருந்தவன் நீதான், எழுது என்றார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். தங்கமான பொண்ணு என்று நான் எழுதப்போவதில்லை. இந்த மலரைக் கையில் எடுக்கப்போகிற அத்தனை பேரும் அவரிடம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

என்னை அவரிடம் கூட்டிப்போனவர் காஜா பாய். வில்லாபுரம், அவனியாபுரம் பக்கம் கல்யாண வீடியோ என்றால் காஜா பாய்தான். அவருக்கு லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். கேபிள் சேனலில் பேட்டி நிகழ்ச்சி எடுக்கிற அம்மாவுக்கு ஓர் ஆள் வேண்டுமாம் என்று, டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குக் கூட்டிப்போனார். அக்கா தரையில் உட்கார்ந்து கேபிள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோக்கா. பாதியில விட்டுட்டேன்."

"நீ அத விட்டியா, அது உன்னைய விட்டுச்சா?"

"நான்தான்க்கா விட்டேன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "சொல்றதுக்கு முன்னாடி எச்சி முழுங்குற. அப்ப அதுதான் உன்னைய விட்டுருக்கு. நாளைக்கு வா."

காஜா பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அங்கே பெயர் அரை டிப்ளமோ. யார் முன்னால் வேண்டுமானாலும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு முறை என் அப்பா வந்திருந்தபோதும் அப்படியே கூப்பிட்டார்.

அக்காவைப் பற்றி நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு பேட்டியைப் பற்றியது. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி விஷயம். உங்களில் பாதிப் பேர் அதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அது எப்படி எடுக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் வெள்ளைச் சேலை கட்டிய அம்மா ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். பெயர் பாண்டியம்மாள். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊர். அவருடைய வீட்டுக்காரர் பெரியகருப்பன் குவாரியில் பாறையில் துளை போடுகிறவர். பள்ளத்தில் விழுந்து இறந்துவிட்டார். அவர் எங்கள் ஆளே இல்லை, டீசல் திருட வந்தவன் கால் தவறி விழுந்துவிட்டான் என்று குவாரியில் சொல்லிவிட்டார்கள். ஊரும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் வேணாம்த்தா" என்றார் பாண்டியம்மாள். "எம் புருசன் திருடன் இல்லன்னு அந்த மேனேசரு வாயால சொல்லணும். அவருதான் தெனம் நின்னு வேல வாங்குனவரு. எம் மக பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேங்குறா. டீசலு, டீசலுன்னு கூப்புடுறாகளாம்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா சொன்னார்: "இங்க அழுவாதீங்க. இங்க கேமரா இல்ல."

காஜா பாய் "யா அல்லா" என்று முனகிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. ஆறுதல் சொல்லியிருந்தால் அப்படி நின்றிருக்காது. அதற்காக அதை நல்ல குணம் என்று நான் சொல்லவில்லை.

எங்களிடம் இருந்தது மூன்று கேமரா. ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று. காஜா பாயின் தோளில் வைத்து எடுக்கிற பெரிய வீடியோ கேமரா. அதில் சிவப்பு என்றால் சேலையை விட்டு வெளியே வழியும். அக்காவின் சொந்தச் சின்னக் கேமரா; டியூப் லைட்டில் எல்லாரும் பச்சையாகத் தெரிவார்கள். மூன்றாவது, வாடகைக்கு எடுக்கிற புது டிஜிட்டல். முகத்தில் ஒவ்வொரு மயிரும் எண்ணுகிற மாதிரி விழும். ஒரே ஆளை மூன்றிலும் எடுத்து அடுத்தடுத்து ஓட்டினால் மூன்று நாள் தனித்தனியாக எடுத்த மாதிரி இருக்கும்.

இட்லிப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்ட இடத்திலேயே அக்கா திட்டம் போட்டார். சட்னிக் கிண்ணம் பேட்டி கொடுப்பவர். எதிரே தண்ணீர்ச் சொம்பு, அது அக்கா. மூன்று டம்ளர் மூன்று கேமரா. அதில் நசுங்கின டம்ளர் காஜா பாயுடையது.

"ஏன்ம்மா எனக்கு மட்டும் நசுங்கினது?" என்றார் பாய்.

"கேமராவப் பாத்துத்தான பாய் டம்ளர் குடுக்க முடியும்."

சொம்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஈர விரலால் ஒரு கோடு இழுத்தார். மூன்று டம்ளரும் கோட்டுக்கு ஒரே பக்கம். "எவன் காலாவது இந்தக் கோட்டுக்கு அங்கிட்டுப் போச்சு, வெட்டிருவேன். அங்கிட்டுப் போயி எடுத்தா அந்தாளு மொகத்தத் திருப்பிக்கிட்டு எனக்கு எதிர்ப்பக்கம் பாத்துப் பேசுற மாதிரித் தெரியும். ஏற்கெனவே மூணும் மூணு கலர்ல இருக்கு. இதுல ஆளும் திரும்பிட்டாருன்னா, பேட்டின்னு நெனைக்க மாட்டாக. பேய் புடிச்சிருக்குன்னு நெனைப்பாக."

பிறகு பெட்டியிலிருந்து பழைய நைலான் தாவணித் துண்டு ஒன்றை எடுத்து, என் டிஜிட்டல் கேமராவின் லென்சில் விரித்து ரப்பர் பேண்டு போட்டார். படம் மங்கிப்போயிற்று. எனக்கு ஆத்திரம் வந்தது.

"எதுக்குக்கா நல்லா இருக்குறதக் கெடுக்குறீங்க?"

"மட்டமா இருக்கிறத என்ன செஞ்சும் மேல தூக்க முடியாதுடா. நல்லா இருக்கிறத எறக்கலாம். மட்டமானது எதுவோ அதுக்குச் சமமா மத்த ரெண்டையும் எறக்கு. உன் கேமரா அழகு யாருக்கு வேணும், அரை டிப்ளமோ? மூணுலயும் ஒரே ஆளு உக்காந்திருக்கணும்."

கைதட்டல் என்பது எங்கள் வழக்கம். மூன்று கேமராவும் மூன்று டேப்பில் தனித்தனியாக ஓடும். எடிட்டிங்கில் மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க ஓர் அடையாளம் வேண்டும். பேட்டி கொடுப்பவரை ஆரம்பத்தில் ஒரு முறை கை தட்டச் சொல்வோம். கை சேர்கிற இடத்தை மூன்று டேப்பிலும் பிடித்துப் பொருத்திவிடலாம். அவரைத்தான் தட்டச் சொல்லவேண்டும், ஏனென்றால் மூன்று கேமராவும் சேர்ந்து பார்ப்பது அவரை மட்டும்தான். பேசி முடித்ததும் இரண்டாவது முறை தட்டவேண்டும். பழைய கேமராக்களின் ஓட்டம் போகப்போகக் கொஞ்சம் நழுவும். எவ்வளவு நழுவியது என்று அதில் தெரியும்.

இரண்டாவது கைதட்டலுக்கு அக்காவிடம் இன்னொரு உபயோகம் இருந்தது. அது ஆனதும் காஜா பாய் கேமராவைத் தோளிலிருந்து இறக்குவார். நான் லென்சை மூடுவேன். அக்கா எழுந்துபோய் மைக்கைக் கழற்றுவார். முடிந்தது என்று பேட்டி கொடுத்தவர் நாற்காலியில் சாய்வார். ஓரமாக ஸ்டாண்டில் நிற்கும் அக்காவின் சின்னக் கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போது எரியவேண்டிய சிவப்பு விளக்கு அதில் எப்போதோ செத்துவிட்டது. அக்கா அதைப் பழுது பார்க்கவே விடவில்லை. "மொத கைதட்டுலேருந்து ரெண்டாவது வரைக்கும் அவுங்க பேசுறது ஊருக்கு. அதுக்கப்பறம் பேசுறதுதான் பேச்சு" என்பார்.

பாண்டியம்மாள் வீட்டில் முதலில் எடுத்தோம். ஒற்றை அறை. டியூப் லைட்டைக் கட்டினோம். மூன்று கேமராவுக்கும் இதுதான் வெள்ளை என்று காட்டிவைத்தால்தான் மற்ற நிறங்கள் கொஞ்சமாவது ஒத்துப்போகும். வழக்கமாகக் காஜா பாய் தன் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அன்று அவர் பேண்ட் போட்டிருந்தார்.

"வெள்ளைக்கு என்னம்மா செய்ய?" என்றார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டினார். "அந்தா இருக்குல்ல. முந்தானைய விரிச்சுப் புடிங்கம்மா. இன்னும் கொஞ்சம் மேல. நெஞ்சுக்கு நேரா."

அவர் பிடித்தார். மூன்று கேமராவும் அந்த வெள்ளையை நெருங்கிப் போய் நிறம் பார்த்துக்கொண்டன. நான் கண்ணை வ்யூ ஃபைண்டரில் வைத்துக்கொண்டதால் யார் முகத்தையும் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

"இப்பக் கை தட்டுங்க" என்றார் அக்கா.

பாண்டியம்மாள் முந்தானையைக் கீழே விட்டார். "என்னது?"

"ஒருதடவ. சத்தம் வர்ற மாதிரி."

"எதுக்குத்தா கை தட்டச் சொல்ற? எம் புருசன் செத்ததுக்கா?"

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, "இவ வெளங்குவாளா?" என்று கேட்டது உள்ளே வரை வந்தது. கேமராவுக்காக என்று காஜா பாய் மெல்ல விளக்க ஆரம்பித்தார். அக்கா அவரைக் கையமர்த்தினார்.

"உங்க புருசன் திருடனா, இல்லையா?"

"இல்ல."

"அப்பத் தட்டுங்க."

பாண்டியம்மாள் தட்டினார். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தட்டினார். கன்னத்தில் அறைவது மாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு அவர் பேசினது எல்லாம் தெளிவாக இருந்தது. எந்த ஷிப்டில் போவார், எந்த மிஷினில் நிற்பார், மேனேஜர் வீட்டு விசேஷத்துக்கு மாட்டு வண்டியில் வாழைத்தார் கொண்டுபோனது வரை சொன்னார். முடிவில் இரண்டாவது கைதட்டலையும் தட்டினார். நாங்கள் கேமராவை இறக்கினோம். சின்னக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாயவில்லை, இளகவில்லை. "முடிஞ்சதா? கெளம்புங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "அந்தம்மா சொல்றது நெசம். முடிஞ்ச பெறகும் அதே மொகம்தான்."

"நீங்க அவுங்களையே சந்தேகப்பட்டீகளா?" என்று கேட்டார் காஜா பாய்.

"பின்ன, சேலை வெள்ளையா இருந்தா நம்பிரணுமா?"

மேனேஜர் பெயர் தங்கவேலு. உங்கள் தரப்பையும் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஆள் கெட்டவர் மாதிரியே இல்லை. நாங்கள் போனதும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குவாரி ஆபீஸ் பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே துளை போடுகிற மிஷினுக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரசர் அலறிக்கொண்டிருந்தது. எங்களுக்காக அதை நிறுத்தச் சொன்னார். "நீங்க முடிச்சதும் போட்டுக்கிறோம்" என்றார். அப்படி ஓர் அமைதி. மைக்கில் அவருடைய கடிகாரச் சத்தம்கூட விழுந்தது.

டம்ளர் வைத்த மாதிரியே கேமராக்களை வைத்தோம். சின்னக் கேமரா ஜன்னலோரம். தங்கவேலு முதல் கைதட்டலை விளையாட்டுப் போல் தட்டினார்.

"பெரியகருப்பன் உங்க குவாரியில வேல பாத்தாராண்ணே?"

"அந்தப் பேர்ல எங்ககிட்ட ஆளே கெடையாதும்மா. டீசல் திருட வந்திருக்கான். இருட்டுல கால் தவறிருச்சு. பாவம், என்ன செய்ய?"

அக்கா அதையே நாலு விதமாகக் கேட்டார். அவர் நாலு விதமாகவும் அதையே சொன்னார். அக்கா நன்றி சொல்லி, இரண்டாவது கைதட்டலைத் தட்டச் சொன்னார். தட்டினார். பாய் கேமராவை இறக்கினார். நான் லென்சை மூடினேன். அக்கா அவர் சட்டையிலிருந்த மைக்கைத் தன் கையாலேயே கழற்றினார். தங்கவேலு நாற்காலியில் சாய்ந்தார், பிறகு ஜன்னல் பக்கம் எக்கி, "முடிஞ்சிருச்சு, போடுங்கப்பா!" என்று கத்தினார்.

கம்ப்ரசர் அலற ஆரம்பித்தது. அந்த அலறலில்தான் அவர் அக்கா பக்கம் குனிந்து, காதருகே சத்தமாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். "அவன மாதிரித் துளை போட ஆளே இல்லம்மா. நம்ம ஆளுதான். மேல என்ன சொல்லச் சொல்றாகளோ அதத்தான நான் சொல்ல முடியும்? எனக்கும் பொம்பளப் புள்ளைக இருக்கு."

அக்கா தலையை ஆட்டினார். இளநீரைக் குடித்து முடித்தார். பஸ் ஏறியதும் என் தொடையில் ஓங்கித் தட்டினார். "மாட்டிக்கிட்டாருடா!"

அறைக்கு வந்து சின்னக் கேமராவின் டேப்பைப் போட்டோம். தங்கவேலு குனிகிறார். வாய் அசைகிறது. கம்ப்ரசர் அலறுகிறது. அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஒரு எழுத்துகூட இல்லை. முடிந்துவிட்டது என்று பேட்டி கொடுப்பவரை நம்பவைக்க அக்கா கண்டுபிடித்த அந்தக் கைதட்டலே மிஷினையும் போடவைத்துவிட்டது. திட்டம் முழுக்க அக்காவுடையது. ஆனாலும் காஜா பாயைத் திட்டினார், என்னைத் திட்டினார், டயர்க் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவனை ஜன்னல் வழியாகத் திட்டினார். தமிழ் தீர்ந்ததும் சௌராஷ்டிரத்தில் திட்டினார்.

பாய் மெதுவாகச் சொன்னார்: "விட்டுரும்மா. அந்தம்மா பேசினத மட்டும் போடுவோம்."

"பொண்டாட்டி சொன்னா எவன் நம்புவான் பாய்? அது அவுங்களுக்கே தெரிஞ்சதுனாலதான் மேனேசரு வாயால வேணும்னாக." அந்த ஊமை வாயை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அந்தாளு வீடு எங்குட்டு?" என்றார்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் நானும் போனோம். தங்கவேலு சட்டையில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாங்கம்மா என்று வரவேற்றார். அவருடைய வீட்டம்மா காபி கொண்டுவந்தார். அக்கா சின்னக் கேமராவை அவர்கள் டி.வி.யில் மாட்டினார். வால்யூம் பட்டனைத் திருகி அடியோடு குறைத்துவிட்டு டேப்பை ஓடவிட்டார்.

தங்கவேலு குனிந்தார். வாய் அசைந்தது. தன் வாய் எதைச் சொல்கிறது என்று அவருக்குத் தெரியுமே. துண்டை எடுத்து நெஞ்சை மூடிக்கொண்டார்.

"என்னங்க, ஒண்ணும் கேக்கலையே?" என்றார் வீட்டம்மா.

அக்கா பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "சத்தத்தக் கூட்டவாண்ணே?"

"வேணாம்மா."

"வீட்ல இருக்குற அக்காவும் கேக்கட்டுமே."

"வேணாம்ங்குறேன்ல!" வீட்டம்மாவை உள்ளே போகச் சொன்னார். பிறகு குரலே இல்லாமல், "எம் பொழப்ப ஏம்மா கெடுக்குற?" என்றார்.

"நான் இதப் போட்டா, ஒளிச்சு வச்சு எடுத்ததுன்னு தெரியும். உள்ளுக்குள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு பேசுறாருன்னு ஊரு சிரிக்கும். நீங்களே கேமராவப் பாத்துச் சொன்னா, மனசாட்சி உள்ள மனுசன்னு சொல்லும். எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்க. பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

இவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. தங்கவேலு எழுந்துபோய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று எடுத்தது ஒரே கேமராவில்தான். டிஜிட்டல். பொருத்துவதற்கு வேறு டேப் எதுவும் கிடையாது. ஆனாலும் அக்கா சொன்னார்: "கை தட்டுங்கண்ணே."

தட்டினார். பெரியகருப்பன் எங்கள் ஆள், வேலை பார்க்கும்போது விழுந்தார், திருடன் என்று நாங்கள் சொன்னது பொய் என்று சொன்னார். இரண்டாவது கைதட்டலையும் தட்டவைத்தார் அக்கா. வெளியே வந்ததும் கேட்டேன், ஒரே கேமராவுக்கு எதுக்குக்கா கைதட்டு?

"அந்தம்மா தட்டுனாகல்ல. இவரும் தட்டட்டும்."

பேட்டி ஒளிபரப்பானது. அடுத்த நாளே குவாரியில் பேச்சு மாறியது. பெரியகருப்பன் எங்கள் ஆள்தான், மேனேஜர் எங்களிடமே மறைத்துவிட்டார் என்றார்கள். தங்கவேலுவை வேலையை விட்டு அனுப்பினார்கள். மேலிடத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. காஜா பாயால் அதைத் தாங்க முடியவில்லை. "அந்தாளு பாவம்மா" என்றார். "பாவம்தான்" என்றார் அக்கா. "அதுக்கு?"

பாண்டியம்மாளுக்கு டேப் கொடுக்க நான் போனேன். வாங்கிக்கொண்டார். "எம் புருசன் பேரு மீண்டுருச்சு. ஆனா என்னையக் கை தட்ட வச்சவ மொகத்துல நான் முழிக்க மாட்டேன், போயிச் சொல்லு" என்றார். அப்படியே வந்து சொன்னேன். அக்கா எடிட்டிங்கில் இருந்தார். திரும்பவில்லை.

"அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போகுதா?"

"போகுதுக்கா."

"அப்ப முழிக்க வேணாம்னு சொல்லு. அந்த ஒயர எடு."

சாவு வீட்டுக்குத் தங்கவேலு வந்திருந்தார். சாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்றார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். இப்பக் கேட்டாத் தப்பில்லையே? அன்னைக்கு எங்க வீட்டு டி.வி.யில காட்டுனீகளே, அதுல எம் பேச்சு இருந்துச்சா? அந்த மிஷின் சத்தத்துல எப்பிடிய்யா விழுந்திருக்கும்னு நானும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்."

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். மனுசன் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பார்.

"இல்லண்ணே. மிஷின் சத்தம் மட்டும்தான்."

"அப்ப நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"உங்க வேல இருந்திருக்கும்."

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் ஒரு முறை ஏறி இறங்கியது. "ஏமாத்திப்புட்டாளேய்யா" என்றார். "செத்தவள என்ன சொல்ல? நான் இப்பவே போயி, மெரட்டிச் சொல்ல வச்சாக, அவன் திருடன்தான்னு நாலு பேருகிட்டச் சொன்னா நீ என்ன செய்வ?"

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டீசல் என்ற பேர் இன்னும் மறந்திருக்காது. இவர் ஒரு டீக்கடையில் நின்று சொன்னால் போதும்.

"திருடனாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரோ காபித் தட்டை நீட்டினார்கள், இருவரும் எடுக்கவில்லை. அவருக்கு வாய் கோணியது, கண் கலங்கியது. விடுங்கண்ணே என்று தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை.

"இல்ல" என்றார் கடைசியில். "அவன் கை சுத்தம்யா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார்.

அக்காவின் ஞாபகமாக எதை வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். போட்டோ எதுவும் இல்லை. ஆறுதலாக அவர் சொன்ன வார்த்தை ஒன்றுகூட என் நினைவில் இல்லை, சொன்னதும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, எதிரே இருக்கிற மனுசன் தவிக்கும்போது ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுக்காமல் நிற்பது: அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது கொடுமைதான். அன்றைக்கு வெயிலில் நின்ற அந்த மனுசன் முகத்தை நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.